பேச்சில் இல்லாத இறந்தகாலம்

பிரெஞ்சு பாஷை பயிலத் தொடங்குகிறவர்கள் முதல் வருஷத்தை ஒருவாறு உற்சாகமாகவே கழித்துவிடுகிறார்கள். கடையில் ரொட்டி கேட்கவும், ரயில் நிலையத்துக்கு வழி விசாரிக்கவும், "நேற்று என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு விடை சொல்லவும் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். நன்கு தெரிந்த வினைச்சொற்களெல்லாம் முன்பின் தெரியாத வேஷம் தரித்து வருகின்றன. 'வருதல்' என்பதற்கு 'வெனீர்' என்று படித்திருப்பார்கள். கதையிலோ 'வேன்' என்றிருக்கிறது. 'இருத்தல்' என்பதற்கு 'ஏத்ர்' என்று படித்திருப்பார்கள். கதையில் 'ஃப்யூ' என்றிருக்கிறது. ஆசிரியரைக் கேட்டால், "அதுதான் பஸ்ஸே ஸேம்ப்ள் என்னும் இறந்தகாலம், எழுத்தில் வரும், பேச்சில் வராது" என்று சொல்லி, ஆறு விகுதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்.

பேச்சில் வராத ஒன்றை எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை அந்நியர்கள் மட்டும் கேட்கவில்லை. பிரான்ஸ் தேசத்துக் குழந்தைகளே கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கல்வி அதிகாரிகளுங்கூட இதைப் பற்றி வாதப் பிரதிவாதம் செய்திருக்கிறார்கள். வெறும் இலக்கணப் பிரச்சினைபோல் தோன்றும் இந்த விஷயத்தில் உண்மையில் அடங்கியிருப்பது என்ன என்பதை இந்த வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

எழுத்துக்கு ஒரு நடை, பேச்சுக்கு ஒரு நடை என்பது தமிழர்களாகிய நமக்கு ஆச்சரியம் தரக்கூடியதல்ல. பிறந்தது முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர்கள் நாம். ஆனால் பிரெஞ்சில் நடந்திருப்பது சற்று விசித்திரமானது. அங்கே ஒரு காலம் முழுவதையுமே பேச்சு கைவிட்டுவிட்டது. எழுத்து அதை எடுத்து வளர்த்து வருகிறது.

பெய்ததும் பெய்திருப்பதும்

முடிந்துபோன செயலைச் சொல்வதற்குப் பிரெஞ்சில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வினைச்சொல்லோடு விகுதியைச் சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்வது. இதைத் தனி இறந்தகாலம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது, ஒரு துணைவினையையும் எச்சத்தையும் சேர்த்து இரண்டு சொல்லாகச் சொல்வது. 'பஸ்ஸே கோம்போஸே' என்று பெயர் பெற்ற இதைக் கூட்டு இறந்தகாலம் எனலாம்.

நம் பாஷையிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். "மழை பெய்தது" என்கிறோம். "மழை பெய்திருக்கிறது" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. காலையில் எழுந்து வாசல் ஈரமாயிருப்பதைக் கண்டவர், "இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறார். மழை நேற்றைய சமாசாரம். ஈரம் இன்றைய சமாசாரம். அந்த ஈரத்தில் நின்றுகொண்டு அவர் பேசுகிறார். "அந்த வருஷம் நல்ல மழை பெய்தது" என்று சொல்கிறவருக்கோ ஈரம் வேண்டியதில்லை. மழை பெய்தது, ஓய்ந்தது, அதன் கதை முடிந்தது.

இப்போது நேயர்கள் சற்றுக் கற்பனை செய்து பார்க்கவேண்டும். நம் வீதிகளிலும் வீடுகளிலும் "பெய்தது", "வந்தான்", "போனாள்" என்ற சொற்கள் மறைந்துபோய்விட்டன. போன வருஷத்து மழையையும் "பெய்திருக்கிறது" என்றே சொல்கிறோம். பாட்டனார் காசிக்குப் போனதையும் "போயிருக்கிறார்" என்றே சொல்கிறோம். "பெய்தது" என்னும் சொல்லைக் கதைப் புத்தகத்தில் மட்டும் காண்கிறோம். ஏறக்குறைய இதுதான் பிரெஞ்சுக்கு நேர்ந்தது. ஈரத்தைக் காட்டுவதற்காகப் பிறந்த கூட்டு இறந்தகாலம், ஈரம் காய்ந்துபோன இடங்களிலெல்லாம் கால் வைத்து, கடைசியில் பேச்சு ராஜ்யம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

பழைமையைப் பார்த்தால், தனி இறந்தகாலந்தான் குலமுறையில் மூத்தது. கி.மு. 47-ல் ஜூலியஸ் சீசர், தாம் வந்ததையும் கண்டதையும் வென்றதையும் மூன்றே சொற்களில் தெரிவித்ததாகச் சொல்வார்கள். அந்த மூன்றும் லத்தீன் பாஷையின் பழைய இறந்தகாலச் சொற்கள். 'வேனி' என்ற லத்தீன் சொல்லே தேய்ந்து பிரெஞ்சில் 'வேன்' ஆயிற்று. 'வீடி' என்பது 'வி' ஆயிற்று. ஆனால் இன்றைய பிரெஞ்சுக்காரர் சீசரின் செய்தியை எடுத்துச் சொல்லும்போது பாட்டன் சொத்தான இந்தச் சொற்களைத் தொடுவதில்லை. கூட்டு இறந்தகாலத்தில்தான் சொல்கிறார். தனி இறந்தகாலத்தில் மூன்றாவது சொல் 'வேன்கி' என்று வரும். அதைக் கேட்டால் வீர ரசத்துக்குப் பதில் ஹாஸ்ய ரசந்தான் உண்டாகும்!

கூட்டு இறந்தகாலம் பாமர மக்களின் லத்தீனிலிருந்து வந்தது. "எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன்" என்பது போன்ற பேச்சு, நாளடைவில் "கடிதம் எழுதியிருக்கிறேன்" என்று பொருள்பட்டு, பிறகு "கடிதம் எழுதினேன்" என்றே ஆகிவிட்டது. அந்த்வான் மெய்யே என்னும் பிரெஞ்சு மொழியியல் அறிஞர் தனி இறந்தகாலத்தின் மறைவைப் பற்றி 1909-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெற்கு ஜெர்மனியின் பேச்சிலும், வட இத்தாலியின் பேச்சிலும் இதே மாறுதல் நேர்ந்திருக்கிறது. ஸ்பானியப் பாஷையிலோ பழைய இறந்தகாலம் இன்றும் கடைத்தெருவில் திடகாத்திரமாக நடமாடுகிறது. ஆகவே இதை ஒரு பாஷையின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் ஆறு பாதை மாறுகிறது. சில இடங்களில் மாறுவதில்லை.

நடுவே ஓர் இரவு

இந்த இரண்டு காலங்களுக்கும் ஒரு சமயம் தெளிவான எல்லைக்கோடு போட முயன்றார்கள். இன்று நடந்ததைக் கூட்டு இறந்தகாலத்தில் சொல்லவேண்டும். நேற்றோ அதற்கு முன்போ நடந்ததைத் தனி இறந்தகாலத்தில் சொல்லவேண்டும். செயலுக்கும் சொல்லுக்கும் நடுவே குறைந்தபட்சம் ஓர் இரவாவது கழிந்திருக்கவேண்டும் என்பது விதி. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய இந்த விதியை, 1660-ல் வெளியான போர்-ருவாயால் இலக்கண நூல் உறுதியாக எடுத்துரைத்தது.

அதற்கு முன்பே இந்த இரவு ஒரு மகாகவியைச் சங்கடத்தில் மாட்டிவைத்தது. கொர்னேய் எழுதிய 'ல ஸீத்' நாடகம் 1637-ல் பாரிஸில் அரங்கேறி ஜனங்களைப் பைத்தியமாக அடித்தது. பொறாமைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சண்டை முற்றி, கார்டினல் ரிஷ்லியூ 1635-ல் ஸ்தாபித்திருந்த பிரெஞ்சு அகாடமியின் முன் நாடகம் விசாரணைக்கு வந்தது. அகாடமியார் கதையைச் சோதித்தார்கள், பாத்திரங்களைச் சோதித்தார்கள், பிறகு வரி வரியாகப் பாஷையையும் சோதித்தார்கள்.

நாடகத்தில் ஒரு பிரபு, வயோதிகரான மற்றொரு பிரபுவைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறார். சற்றுப் பொறுத்து அதைப் பற்றிப் பேசும்போது, தாம் அவமதித்ததைத் தனி இறந்தகாலத்தில் கூறுகிறார். இது தவறு என்று அகாடமியார் தீர்ப்பளித்தார்கள். அறை விழுந்தது இன்றுதானே? நடுவில் இரவு ஒன்றும் கழியவில்லையே? ஆகவே கூட்டு இறந்தகாலத்தில் சொல்லியிருக்கவேண்டும் என்றார்கள். கொர்னேய் பிற்பாடு அந்த அடிகளையே மாற்றி எழுதிவிட்டார்.

அக்காலத்து நாடகங்களின் கதை ஒரே நாளுக்குள் நடந்து முடியவேண்டும் என்று மற்றொரு விதியும் இருந்தது. இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், நாடகத்துக்குள் நடக்கும் எதையும் பாத்திரங்கள் தனி இறந்தகாலத்தில் சொல்ல வழியில்லை என்று ஏற்படுகிறது. அறைந்த பிரபுவின் கதி இன்னும் பரிதாபம். அன்று இரவு வருவதற்கு முன்பே அவர் துவந்த யுத்தத்தில் மாண்டுபோகிறார். தாம் கொடுத்த அறையைத் தனி இறந்தகாலத்தில் சொல்லும் பாக்கியம் அவருக்குக் கிட்டவே இல்லை!

கடிகாரத்தைக் கொண்டு காலத்தை அளக்கப் பார்த்த இந்த விதி நிலைக்கவில்லை. உண்மையான வித்தியாசம் எத்தனை மணிக்கு முன்பு என்பதில் இல்லை. சொல்லுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. இதைப் பின்னால் விவரிப்போம். முதலில் விகுதிகளைப் பார்த்துவிடலாம்.

நான்கு குடும்பங்கள்

பல்லாயிரம் பிரெஞ்சு வினைச்சொற்களையும் தனி இறந்தகாலத்தில் நான்கே குடும்பங்களில் அடக்கிவிடலாம். பேசுதல் என்று பொருள்படும் 'பர்லே' போன்றவை முதற் குடும்பம். தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமையில் பர்லே, பர்லா, பர்லா. பன்மையில் பர்லாம், பர்லாத், பர்லேர். மிகப் பெரும்பாலான வினைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டாவது, இகரக் குடும்பம். முடித்தல் என்று பொருள்படும் 'ஃபினீர்' என்பது ஃபினி, ஃபினி, ஃபினி, ஃபினீம், ஃபினீத், ஃபினீர் என்று வரும். மூன்றாவது, உகரத்தைப் போன்ற, இதழ் குவித்துச் சொல்லும் உயிரையுடையது. இருத்தல் வினை இதில் சேர்ந்தது: ஃப்யூ, ஃப்யூ, ஃப்யூ, ஃப்யூம், ஃப்யூத், ஃப்யூர். நான்காவது, மூக்கொலிக் குடும்பம். வருதல், பிடித்தல் என்னும் இரண்டு வினைகளும் அவற்றிலிருந்து பிறந்தவையும் மட்டும் இதில் உண்டு: வேன், வேன், வேன், வேம், வேத், வேர்.

இவ்வளவுதானா என்று நேயர்கள் கேட்கலாம். விகுதிகள் இவ்வளவுதான். தொல்லை பகுதியில் இருக்கிறது. பிறத்தல் 'நேத்ர்', பிறந்தான் 'நகி'. வாழ்தல் 'வீவ்ர்', வாழ்ந்தான் 'வெக்யூ'. இறத்தலில் மட்டும் சற்று இரக்கம் உண்டு; 'மூரீர்' என்பது 'மூர்யூ' என்று வரும். வேறு சில வினைகளில் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகவே இருக்கும். 'இல் தி' என்றால் சொல்கிறான் என்றும் கொள்ளலாம், சொன்னான் என்றும் கொள்ளலாம்; சந்தர்ப்பத்தைக் கொண்டுதான் தெரிந்துகொள்ளவேண்டும்.

இன்னும் சில வினைகளுக்குத் தனி இறந்தகாலமே கிடையாது. பால் கறத்தல் என்று பொருள்படும் 'த்ரேர்' அவற்றில் ஒன்று. புல் மேய்தல் என்பதும் அப்படியே. ஆகவே பிரெஞ்சு நாவலில் வீரன் போருக்குச் செல்லலாம், வெல்லலாம், அரசகுமாரியை மணக்கலாம். எல்லாவற்றுக்கும் இறந்தகாலம் உண்டு. வீடு திரும்பி மாட்டைக் கறந்தான் என்று மட்டும் அதே நடையில் எழுத முடியாது. மாடு மேய்ந்தது என்றும் எழுத முடியாது.

தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் விகுதியின் உயிரெழுத்துக்கு மேல் சிறு கூரை போன்ற ஒரு குறி உண்டு. முன்னிலைப் பன்மையில் அது வெறும் அலங்காரமல்ல. ஒரு காலத்தில் அங்கே ஸகர மெய் ஒன்று ஒலித்தது. அது மறைந்த பிறகு, அதன் சமாதியின்மேல் கட்டிய மண்டபம்போல் கூரைக்குறி நிற்கிறது. தன்மைப் பன்மைக்கு அப்படி ஒரு ஸகரம் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அதுவும் கூரை போட்டுக்கொண்டது. 1990-ல் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது இகர உகரங்களின்மேல் இருந்த பல கூரைகளைக் கழற்றலாம் என்று சொன்னார்கள். ஆனால் இந்த இறந்தகாலத்தின் கூரைகளைத் தொடவில்லை.

இவ்வளவு சிக்கலையும் நினைவில் வைத்திருப்பது பிரெஞ்சுக்காரர்களுக்கே எளிதன்று. அதனால்தான் பெஷெரெல் என்ற சகோதரர்கள் 1842-ல் எண்ணாயிரம் வினைச்சொற்களுக்கு ஒரு வாய்பாட்டு நூல் வெளியிட்டார்கள். அந்தப் பெயர் இன்று பிரான்ஸில் வாய்பாட்டுப் புத்தகத்துக்கே பொதுப் பெயர்போல் ஆகிவிட்டது.

கதையின் முதுகெலும்பு

இனி, இந்தக் காலத்தினால் ஆகும் காரியம் என்ன என்று பார்ப்போம்.

பிரெஞ்சில் மூன்றாவதாக ஓர் இறந்தகாலமும் உண்டு. 'எம்பர்ஃபே' என்னும் அது, நடந்துகொண்டிருந்ததைச் சொல்வது. "மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்." இதைப் பிரெஞ்சில் எழுதினால் முதல் மூன்று வாக்கியங்களும் தொடர் இறந்தகாலத்தில் வரும், கடைசி வாக்கியம் தனி இறந்தகாலத்தில் வரும். முன்னவை திரைச்சீலை; பின்னது திரையின் முன் வந்து நிற்கும் நடிகன். ஒரு பக்கத்தில் உள்ள தனி இறந்தகால வினைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாகப் படித்தால், கதையின் முதுகெலும்பு கையில் வந்துவிடும். வந்தான், பார்த்தான், சிரித்தான், போனான். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்கும் குழந்தைக்கு விடை சொல்லும் காலம் அது.

ஒரே வினையின் பொருளே இதனால் மாறுவதும் உண்டு. அறிதல் என்னும் வினையைத் தொடர் இறந்தகாலத்தில் வைத்தால் 'அறிந்திருந்தான்' என்று பொருள். தனி இறந்தகாலத்தில் வைத்தால் 'அறிந்துகொண்டான்' என்று பொருள். முன்னதில் செய்தி பழையது. பின்னதில் அந்தக் கணத்தில்தான் செய்தி நெஞ்சில் விழுகிறது. கணவனின் துரோகத்தை ஒரு பெண் அறிந்திருந்தாள் என்பதற்கும் அறிந்துகொண்டாள் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஃப்ளோபேர் 1869-ல் வெளியிட்ட 'உணர்ச்சிக் கல்வி' என்னும் நாவலில் இந்தக் காலத்தின் முழு வலிமையையும் காணலாம். 1851-ம் வருஷத்துப் புரட்சிக் கலவரத்தில் கதாநாயகன் தன் கண்முன் ஒரு நண்பன் கொலையுண்டு வீழ்வதைப் பார்க்கிறான். அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம், அவன் பயணம் செய்தான் என்பதை எழுவாயும் வினையுமாக இரண்டே சொற்களில் சொல்லித் தொடங்குகிறது. தனி இறந்தகாலத்தில் அமைந்த அந்த ஒரு வினைக்குள் பல வருஷங்கள் கரைந்துபோகின்றன. மர்ஸெல் புரூஸ்த் 1920-ல் ஃப்ளோபேரின் நடையைப் பற்றி எழுதிய கட்டுரையில், இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தையே தலைசிறந்த அழகாகப் போற்றினார். வெற்றிடம் பேசவேண்டுமானால் அதற்குப் பிறகு வரும் வினை இப்படிக் கச்சிதமாக இருக்கவேண்டும்.

எமீல் பென்வெனிஸ்த் என்ற அறிஞர் 1959-ல் எழுதிய கட்டுரையில் பழைய இரவு விதிக்குப் பதிலாக வேறொரு விளக்கம் தந்தார். பேசும் முறை ஒன்று, கதை சொல்லும் முறை ஒன்று என்று இரண்டு உண்டு. கூட்டு இறந்தகாலத்தில் சொல்லும்போது, நான் இங்கே நின்று உன்னிடம் சொல்கிறேன் என்பது கூடவே ஒலிக்கிறது. தனி இறந்தகாலத்தில் சொல்லும்போது சொல்லுகிறவர் மறைந்துபோகிறார். நிகழ்ச்சிகள் தாமே தம்மைச் சொல்லிக்கொள்வதுபோல் தோன்றுகிறது. ஒன்றில் வாசல் ஈரமாயிருக்கிறது, மற்றொன்றில் காய்ந்துவிட்டது என்று நாம் மேலே சொன்னதும் இதையேதான்.

எழுத்தாளரின் மறுப்பு

ஆனால் ஈரம் காயாத துக்கங்களும் உலகத்தில் உண்டு. அவற்றை எழுத வந்தவர்களுக்கு இந்தக் காலம் ஒத்துக்கொள்ளவில்லை.

அல்பேர் காம்யு 1942-ல் 'அந்நியன்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் கதையைப் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே நடத்தினார். நாவல் என்றால் தனி இறந்தகாலம் என்று பழகியிருந்த வாசகர்களுக்கு இது தூக்கிவாரிப் போட்டது. தாய் இறந்ததையும், தான் ஒருவனைச் சுட்டதையும், தெருவிலே போகிறவன் சொல்வதுபோல் கதாநாயகன் சொல்கிறான். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் காரணகாரியத் தொடர்பு இருப்பதாகவே தோன்றுவதில்லை. அடுத்த வருஷமே ழான்-போல் ஸார்த்ர் இந்த நாவலைப் பற்றி ஆராய்ச்சி எழுதி, ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனித் தீவாக நிற்பதற்கு இந்தக் காலத்தின் தேர்வும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். 1953-ல் ரோலான் பார்த் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தனி இறந்தகாலம் காலத்தைக் காட்டுவதைவிட, "இது இலக்கியம்" என்று பறைசாற்றும் அடையாளமாகவே ஆகிவிட்டது என்றார். உலகம் ஒழுங்கானது, எல்லாவற்றுக்கும் முதலும் முடிவும் உண்டு என்ற நம்பிக்கையை அந்த விகுதி திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

அன்னி எர்னோவின் விஷயம் இன்னும் நெருக்கமானது. நார்மண்டி மாகாணத்துச் சிற்றூரில் அவருடைய பெற்றோர் சிறு மளிகைக் கடையும் காப்பிக் கடையும் நடத்தினார்கள். மகள் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியை ஆனார். தகப்பனாரின் வாழ்க்கையை அவர் 1983-ல் 'இடம்' என்ற நூலாக வெளியிட்டபோது, கூட்டு இறந்தகாலத்தையே கையாண்டார். பள்ளிக்கூடத்துப் பாஷையின் பட்டு உடையைத் தகப்பனாருக்குப் போர்த்த அவர் விரும்பவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. 2022-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தனி இறந்தகாலம் இல்லாமலும் உயர்ந்த இலக்கியம் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நேயர்கள் கவனிக்கவேண்டும். காம்யுவும் எர்னோவும் அந்தக் காலத்தை அறியாமல் விட்டவர்களல்லர், அறிந்து விட்டவர்கள். பட்டு உடையை வேண்டாமென்று மடித்து வைப்பது ஒன்று. பட்டு என்று ஒன்று உண்டென்பதே தெரியாமல் இருப்பது வேறொன்று.

குழந்தைகளின் பங்கு

இங்கேதான் நமது விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. தனி இறந்தகாலத்தை எந்தப் பிரெஞ்சுக் குழந்தையும் தாயின் பேச்சிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. தாய் கதை படித்துக் காட்டும்போதுதான் கற்றுக்கொள்கிறது. பெரோ 1697-ல் தொகுத்து வெளியிட்ட சிண்டரெல்லா, சிவப்புக் குல்லாய்ச் சிறுமி முதலிய கதைகளெல்லாம் இந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. "ஒரே ஓர் ஊரிலே" என்பதற்கு ஒப்பான தொடக்கம் தொடர் இறந்தகாலத்தில் வரும். "ஒரு நாள்" என்றவுடன் தனி இறந்தகாலம் ஆரம்பித்துவிடும். முடிவில் அவர்கள் சுகமாக வாழ்ந்து நிறையக் குழந்தைகளைப் பெற்றார்கள் என்று சம்பிரதாயமாக வரும் வாக்கியத்தில் 'வெக்யூர்', 'யூர்' என்று இரண்டு தனி இறந்தகாலங்கள் நிற்கின்றன. நான்கு வயதுக் குழந்தை அவற்றைக் கேட்டுப் பொருள் தெரிந்து உறங்கிவிடுகிறது. வாய்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் படித்துக் காட்ட ஆள் இல்லாத வீட்டுக் குழந்தை என்ன செய்யும்? அதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் கதி. 2016-ல் அமலுக்கு வந்த பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில், ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள மாணவர்கள் தனி இறந்தகாலத்தின் படர்க்கை ஒருமையையும் படர்க்கைப் பன்மையையும் மட்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். கதைகளில் பெரும்பாலும் வருவது அவன், அவள், அவர்கள்தானே என்பது நியாயம். உடனே பத்திரிகைகளில் ஆரவாரம் எழுந்தது. பாஷைக்கு மரண தண்டனை விதித்துவிட்டார்கள் என்றார்கள் ஒரு சாரார். பயனற்ற சுமையைக் குழந்தைகளின் முதுகிலிருந்து இறக்கினோம் என்றார்கள் மற்றொரு சாரார்.

புத்தகம் போடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. எனிட் பிளைட்டன் எழுதிய ஐந்து சிறுவர்களின் சாகஸக் கதைகள் பிரெஞ்சில் பல தலைமுறைகளாகப் பிரசித்தம். அவற்றின் பழைய மொழிபெயர்ப்பை இந்த நூற்றாண்டில் திருத்தியபோது, தனி இறந்தகாலத்தை எடுத்துவிட்டு நிகழ்காலத்தைப் போட்டார்கள். குழந்தைகளுக்கு எளிதாக இருக்கும் என்பது நோக்கம். எளிதுதான். ஆனால் குழந்தை அந்தக் காலத்தைச் சந்திக்கக்கூடிய சில இடங்களில் ஒன்று இப்படி மூடப்பட்டது. சந்திக்காததனால் கடினம், கடினமானதனால் நீக்கம், நீக்கியதனால் இன்னும் கடினம் என்று சக்கரம் சுழலத் தொடங்குகிறது.

நமது அபிப்பிராயம்

இந்த வாதத்தில் இரு தரப்பிலும் பாதி உண்மை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை "நாங்கள் கடைக்குச் சென்றோம்" என்பதைத் தனி இறந்தகாலத்தில் எழுதத் தெரியாததனால் குடி முழுகிவிடாது. பெரியவர்களுக்கே தன்மை ஒருமையில் தடுமாற்றம் உண்டு. 'பர்லே' என்று எழுதும் தனி இறந்தகாலத்துக்கும், அதன் தொடர் இறந்தகாலத்துக்கும் எழுத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பலருடைய உச்சரிப்பில் அந்த வித்தியாசமும் இல்லை. தன்மைப் பன்மை, முன்னிலைப் பன்மை வடிவங்களையோ இன்று பரிகாசத்துக்காகவே பெரிதும் எடுத்தாளுகிறார்கள்.

ஆயினும் எழுதத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு. வால்டேர், ஹ்யூகோ, பால்ஸாக், டூமா, ஜூல் வெர்ன் முதலியவர்களின் நூல்களெல்லாம் இந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இதைப் படர்க்கையில் மட்டும் அறிந்த பிள்ளை, பிறரைப் பற்றிய கதையைப் படிக்கும். 'நான்' என்று ஒருவன் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் அங்கே தட்டித் தடுமாறும். ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதினாயிரம் லீக்' தன்மையில் சொல்லப்படும் கதையல்லவா? நூலகத்தின் சாவியில் ஆறு பற்கள் இருக்கின்றன. இரண்டை மட்டும் கொடுத்து எல்லாப் பூட்டையும் திற என்று சொல்வது நியாயமாகாது. அதிலும், புத்தகம் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மற்ற நான்கு பற்களும் மடியில் உட்கார்ந்து கதை கேட்கும்போதே கிடைத்துவிடுகின்றன. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் கைவிரித்தால் வேறு வழியில்லை. எளிமைப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள இடைவெளியைப் பெருக்கிவிடக் கூடாது.

ஆகவே ஆறு வடிவங்களையும் கண்டால் அறிந்துகொள்ளும்படி கற்பிப்போம். எழுதும்போது படர்க்கை இரண்டையும் வற்புறுத்துவோம். மற்றவற்றை வயது வந்தபின் விரும்புகிறவர்கள் எழுதட்டும் என்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, விகுதிகளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் கதையை உரக்கப் படித்துக் காட்டுவோம். காதில் பழகிய சொல்லுக்குத்தான் வாய்பாடு துணை செய்யும்; பழகாத சொல்லுக்கு வாய்பாடு வெறும் பாரம்.

நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில், 1826-ல் ஏற்பட்ட பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடந்து வருகிறது. சென்னையிலும் பிற ஊர்களிலும் பள்ளியிலும் கல்லூரியிலும் பிரெஞ்சைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடையில் தனி இறந்தகாலத்தில் பேசாதீர்கள். கேட்பவர்கள் உங்களை அரசவைக் கவிஞர் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால் வாய்பாட்டைக் கண்டு மலைத்து அதை ஒதுக்கியும் விடாதீர்கள். பெரோவின் கதை ஒன்றை எடுத்து, தனி இறந்தகால வினை வரும் இடங்களிலெல்லாம் பென்ஸிலால் ஒரு கோடு கிழித்துக்கொண்டே படியுங்கள். மூன்றாவது கதைக்குள் நான்கு குடும்பங்களும் தாமே முகம் காட்டிவிடும். ஐந்தாவது கதையில் பென்ஸில் வேண்டியிராது.